தொழில் நலிவும் மக்கள் வாழ்வும்
கொத்மலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்கள் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு தொழில் தோன்றி வளருங்கால் அதன் பெருமையை எழுதுவோர் பலர். அது நலிந்து தேயுங்கால் அதனை நம்பி வாழ்ந்த மக்கள் எய்தும் நிலையை ஆராய்வோர் சிலர். ஐரோப்பாவைப் பொறுத்தவரையில் இவ்வாராய்ச்சி ஓரளவு நிகழ்ந்துள்ளது. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளும், வேல்ஸ், யோர்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கங்களும், ஜேர்மனியின் ரூர்ப் பள்ளத்தாக்கும் பொருளியல் மாணவர் நன்கறிந்த எடுத்துக்காட்டுகளாகிவிட்டன. ஆனால் எமது நாட்டின் மத்திய மலைநாட்டிலே, ஒன்றரை நூற்றாண்டுக் காலத்துள் ஒரு பெருந்தொழில் முற்றாக அழிந்ததையும், அதன் இடத்தில் எழுந்த மற்றொன்று மெல்ல மெல்ல நலிந்து வருவதையும் ஒருங்கு வைத்து நோக்குவார் அரியர்.

கொத்மலை நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தது. மகாவலியின் கிளையாறாகிய கொத்மலை ஓயா பாயும் பள்ளத்தாக்கையும், தவலந்தென்னை, இறம்பொடை, இலபுக்கலை, பூண்டுலோயா முதலிய இடங்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகளையும் அது தன்னகத்தே கொண்டுள்ளது. பள்ளத்தாக்கிலே பழைய சிங்களக் கிராமங்களும் வயல்களும். சரிவுகளிலே தமிழ்த் தொழிலாளர் வாழும் தோட்டங்கள். இவ்விரு சாராரும் தொழில் நலிவின் பயனை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வகையாக அனுபவித்துள்ளனர். ஆதலின் இப்பகுதியை நடுவாகக் கொண்டு மலைநாட்டின் வரலாற்றை நோக்குதல் பயனுடைத்து.

ஈண்டு நாம் விடை காண விழையும் வினா ஒன்றே. தொழில் நலிவு எல்லா இடங்களிலும் ஒரே அளவான துன்பத்தை விளைவிப்பதில்லை. ஓரிடத்தில் ஒரு தலைமுறையுள் ஆறிவிடும் புண், மற்றோரிடத்தில் நான்கு தலைமுறையாகியும் ஆறாதிருப்பது எதனால்?

ஐரோப்பிய அனுபவம்

லங்காஷயரின் பருத்தி ஆலைகள் 1912 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 800 கோடி கெஜம் துணியை நெய்தன. அதன் பெரும்பங்கு வெளிநாடுகளுக்கு, சிறப்பாக இந்தியாவுக்கு, ஏற்றுமதியாயிற்று. முதலாம் உலகப் போருக்குப் பின் இந்திய ஆலைகளும் ஜப்பானிய ஆலைகளும் போட்டியிட்டன. இந்தியாவில் சுதேசி இயக்கம் ஓங்கிற்று. லங்காஷயரின் ஊர்கள் தோறும் ஆலைகள் மூடப்பட்டன. 1931 ஆம் ஆண்டில் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்ற காந்தியடிகள், வேலையிழந்த அந்நெசவாளரை அவர்தம் ஊராகிய டார்வெனுக்கே சென்று கண்டார். அவர்கள் அவரை அன்போடு வரவேற்றனர். அடிகள் அவர்தம் துயருக்கு இரங்கினார். அதேவேளை, இந்தியக் கிராமத்தவரின் வறுமை அதனினும் பன்மடங்கு கொடியது என்பதையும் அவர்களுக்கு எடுத்துரைத்தார்.

நிலக்கரித் தொழிலின் நலிவு பின்னர் வந்தது. 1947 இல் பிரித்தானியச் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டபோது அவற்றில் சுமார் ஏழு இலட்சம் பேர் உழைத்தனர். 1984-85 இல் நிகழ்ந்த நெடிய வேலைநிறுத்தம் தோல்வியுற்றபின் சுரங்கங்கள் விரைந்து மூடப்பட்டன. ஆழ்சுரங்கங்களுள் இறுதியானதாகிய கெல்லிங்லி 2015 இல் மூடப்பட்டது. ஜேர்மனியிலோ இம்மாற்றம் நீண்ட காலத் திட்டத்தோடு நிகழ்ந்தது. 1968 இல் ரூர்ப் பிரதேசச் சுரங்கங்கள் ஒரே நிறுவனத்தின்கீழ் ஒன்றிணைக்கப்பட்டன. முதியோர்க்கு முற்கூட்டியே ஓய்வூதியமும் இளையோர்க்கு வேறு தொழிற் பயிற்சியும் வழங்கப்பட்டன. முன்னர் பல்கலைக்கழகமே இல்லாத அத்தொழிற் பகுதியில் 1960களில் போகும் நகரிற் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இறுதிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது.

இரு நாடுகளிலும் துன்பம் இல்லாமற் போகவில்லை. பிரித்தானியச் சுரங்க ஊர்கள் பல இன்றும் தளர்ந்தே கிடக்கின்றன. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அங்கே தொழிலை இழந்தவனுக்கு வாக்குரிமை இருந்தது. 1911 ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டம் முதலாக வளர்ந்துவந்த உதவிப்பணம் இருந்தது. பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி இருந்தது. வேறோர் ஊருக்குச் சென்று வேறொரு தொழில் செய்யத் தடையில்லாதிருந்தது. அஃதாவது, அவன் தொழிலாளி என்னும் நிலையை இழந்தபோதும் குடிமகன் என்னும் நிலையை இழக்கவில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மலைநாட்டிற்கு வருவோம்.

கோப்பியின் வீழ்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டின் செல்வம் கோப்பியே. புசல்லாவையில் வேர்ம்ஸ் சகோதரர்கள் 1841 இல் தொடங்கிய ரொத்சைல்ட் தோட்டம் போன்றவை புகழ் பெற்றிருந்தன. 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் கோப்பி நின்றது. 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி போன்றதொரு நோய் காணப்பட்டது. அது ஒரு பூஞ்சணம். விலை உயர்ந்திருந்தமையால் தோட்டக்காரர் அதனைப் பொருட்படுத்தாது மேலும் மேலும் காடழித்துப் பயிரிட்டனர். 1880 இல் இலங்கைக்கு வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலாளர், மலை மலையாக இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையே நோய் பரவ வாய்ப்பளித்தது எனக் கண்டார். காற்று ஒரு தோட்டத்தின் நோயை அடுத்த தோட்டத்திற்கு எடுத்துச் செல்லத் தடையொன்றும் இருக்கவில்லை. 1884 இல் தோட்டங்களுக்குக் கடன் வழங்கியிருந்த ஓரியன்டல் வங்கி முறிந்தது. நூற்றாண்டு முடியுமுன் கோப்பி ஏறக்குறைய மறைந்தொழிந்தது.

இவ்வீழ்ச்சியால் துன்புற்றோர் யாவர்? தோட்டக்காரருள் பலர் கடனாளிகளாயினர். சிலர் மலாயா முதலிய நாடுகளுக்குச் சென்று புதுவாழ்வு தேடினர். கோப்பி பறிக்கத் தமிழகத்திலிருந்து வந்தோர் பெரும்பாலும் பருவத்திற்கு வந்து பருவம் முடிய ஊர் திரும்பும் ஆடவர். தோட்டம் மூடப்பட்டபோது கூலிப்பாக்கியை இழந்து திரும்பியோர் பலராயினும், திரும்புவதற்கு அவர்க்கு ஓர் ஊர் இருந்தது.

மிகுந்த துன்பத்திற்கு ஆளானோர் பள்ளத்தாக்கின் கிராமத்தவரே. கண்டிச் சீமைச் சிங்கள விவசாயி தன் வீட்டுத் தோட்டத்திலும் கோப்பி வளர்த்து, அதனை விற்றே நெல்வரிக்குரிய பணத்தைக் கட்டிவந்தான். கோப்பி அழியவே வரிப்பணம் கட்ட வழியில்லை. 1880களில் வலப்பனை முதலிய நுவரெலியா மாவட்டப் பகுதிகளில், வரி கட்டாத குற்றத்திற்காக வயல்கள் அரசினரால் ஏலத்தில் விற்கப்பட்டன. நிலமிழந்தோர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். இக்கொடுமை பெரும் விவாதத்திற்குள்ளாகி, 1892 இல் நெல்வரி நீக்கப்பட்டது. முதலாளி இழந்தது முதலை. விவசாயி இழந்ததோ நிலத்தை. முதலை மீண்டும் தேடிக்கொள்ளலாம். நிலம் போனபின் குடும்பமே சிதறியது.

தேயிலையும் லயமும்

ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பி அழிந்த மலைகளை விரைவில் மூடிற்று. 1900 ஆம் ஆண்டளவில் மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தேயிலை பரவியிருந்தது. பொருளியல் நோக்கில் இது வியத்தகு மீட்சி. ஆனால் தொழிலாளரைப் பொறுத்தவரையில் இம்மாற்றம் ஒரு புதிய அமைப்பைத் தோற்றுவித்தது. கோப்பிக்குப் பருவம் உண்டு; தேயிலைக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு. கொழுந்தை வாரத்திற்கு ஒருமுறை கொய்யாவிடின் அது முற்றிப் பயனற்றதாகும். ஆகவே பருவக் கூலியாள் போதாது. குடும்பத்தோடு தங்கும் தொழிலாளரே வேண்டப்பட்டனர். கொழுந்து கொய்வதற்குப் பெண்களும், கவ்வாத்து வெட்டவும் கான் வெட்டவும் ஆண்களும் தேவையாயினர்.

அவர்களைக் குடியமர்த்த எழுந்ததே லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஓர் அறை, முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு, இத்தகைய அறைகள் வரிசையாக ஒரே கூரையின்கீழ் அமைந்தன. இவற்றின் உரிமை தோட்டத்திற்கே. பெரட்டுக்குப் பெயர் கொடுப்பவனுக்கே காம்பரா. பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவும், அரிசி வழங்கும் கடையும், மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரியும் தோட்டத்தினவே. பெரிய கங்காணியிடம் பட்ட கடன், ‘துண்டு’ எனப்பட்ட சீட்டின் வாயிலாக ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்குத் தொழிலாளியைப் பின்தொடர்ந்தது. 1921 இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டபோதும், வீடும் வேலையும் ஒன்றேயாகிய இவ்வமைப்பு மாறவில்லை.

வீடும் வேலையும் ஒரே கையில் இருக்கும் இடத்தில், வேலை நலியுங்கால் வீடும் உடன் நலியும். கூரை ஒழுகினால் பழுது பார்க்கவேண்டியவன் யார்? தோட்டக் கம்பனி. கம்பனிக்கு வருவாய் குறைந்தால்? கூரை ஒழுகும். லங்காஷயர் நெசவாளியின் குடியிருப்பு இவ்வளவு முழுமையாக ஆலையோடு பிணைக்கப்பட்டிருக்கவில்லை.

உரிமையற்றோராய காலம்

1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் தேயிலையையும் தாக்கியது. 1927 இல் சட்டத்தினால் வகுக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி 1930களின் தொடக்கத்திற் குறைக்கப்பட்டது. வேலையின்றி இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டோர் பலர். 1933 இல் தேயிலை உற்பத்தி செய்யும் நாடுகள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பட்டபின் விலை மீண்டது. 1939 இல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் செல்வதைத் தடை செய்தது. அன்று முதல் தோட்டத் தொழிலாளர் இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்து வாழும் நிலைத்த சமூகமாயினர்.

அத்தகைய சமூகத்தின் பெரும்பகுதியினர் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் குடியுரிமை அற்றவராயினர். அதனையடுத்து வாக்குரிமையையும் இழந்தனர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், சுமார் 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974 இல் முடிவாயிற்று. குடியுரிமைப் பிரச்சினை சட்டத்தளவில் முற்றாகத் தீர 2003 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வரசியல் வரலாற்றை யாம் இங்குக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. 1960களில் தேயிலை நாட்டின் ஏற்றுமதி வருவாயில் அரைப்பங்கிற்கு மேல் ஈட்டிற்று. 1965 இல் இலங்கை உலகிலேயே மிகுதியான தேயிலையை ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று. தொழில் உச்சத்தில் நின்ற அக்காலத்திலேயே அதனைத் தாங்கிய கைகள் நாடற்றனவாயிருந்தன. வளமான காலத்தில் உரிமையைத் தேடி வைத்துக்கொள்ளாத சமூகம் நலிவுக் காலத்தில் எதனைப் பற்றி நிற்கும்?

1970களின் நெருக்கடி

உலகச் சந்தையிலே தேயிலையின் விலை வீழ்ந்தமையாலும், தேசியமயமாக்கலை எதிர்பார்த்த ஆங்கிலக் கம்பனிகள் தோட்டங்களிற் புது முதலீடு செய்யாது விட்டமையாலும் தொழில் தளரத் தொடங்கியது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975 ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் பொறுப்பில் அவை விடப்பட்டன. 1973-74 இல் உணவுத் தட்டுப்பாடு நாடெங்கும் ஏற்பட்டபோது, சொந்தமாகப் பயிரிட ஒரு துண்டு நிலமும் இல்லாத தோட்ட மக்களே அதிகம் வாடினர். தோட்டங்களில் இறப்பு விகிதம் கடுமையாக உயர்ந்தது.

நிலச் சீர்திருத்தம் நிலமற்றோர்க்கு நிலம் வழங்கும் நோக்கமுடையது. ஆனால் தோட்டத்தில் வாழ்ந்த நிலமற்றோர் அந்நோக்கத்தினுள் அடங்கினரல்லர். 1977 இல் நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் சுமார் 7,000 ஏக்கரைப் பிரித்துக் கிராமத்தவர்க்கு வழங்க முயன்றபோது தொழிலாளர் எதிர்த்தெழுந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குச் சிவனு இலட்சுமணன் என்னும் இளைஞர் பலியானார். மலையக மக்கள் நிலத்திற்காக உயிர் கொடுத்த நிகழ்ச்சியாக அது இன்றும் நினைவுகூரப்படுகின்றது.

இதே காலத்திலேதான் கொத்மலைப் பள்ளத்தாக்கின் தோற்றமும் மாறியது. துரித மகாவலித் திட்டத்தின்கீழ், சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டப்பட்ட கொத்மலை அணை 1985 இல் திறக்கப்பட்டது. 201 மெகாவாட் மின்னாற்றல் நாட்டிற்குக் கிடைத்தது. பழைய கிராமங்களும் வயல்களும் கோவில்களும் நீருள் மூழ்கின. இடம்பெயர்ந்த குடும்பங்களுட் சில வறண்ட பிரதேசத்து மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றன. ஏனையவை அயலிலுள்ள தோட்டக் காணிகளிற் குடியமர்த்தப்பட்டன. வீடிழந்த கிராமத்தவர்க்கு நிலம் வழங்கியது நீதியே. ஆனால் அவ்வாறு பகிரப்பட்ட மலைகளிற் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களை அந்நிலத்தில் உரித்துடையோராக எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பள்ளத்தாக்கிற் கிராமத்தவன் நிலத்தை இழந்தபோது ‘இழந்தான்’ என்றாவது சொல்ல முடிந்தது. லயத்து மனிதனுக்கோ இழந்ததென்று காட்ட உறுதி ஒன்றுமில்லை.

இன்றைய நலிவு

அரச நிருவாகத்தில் நட்டம் பெருகவே, 1992 இல் தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசுக்குரியது; குத்தகை கம்பனிகளுக்குரியது. குத்தகைக்காரர் நெடுநாட் பயனை நோக்கிச் செலவிடத் தயங்குவர் என்பது பொருளியல் இயல்பு. புதிதாக நட்ட தேயிலை பயன் தர நான்கைந்து ஆண்டுகள் செல்லும். அதுவரை அந்நிலம் வருவாய் தராது. ஆகவே மீள்நடுகை வேண்டிய அளவில் நிகழவில்லை. வெள்ளையர் காலத்தில் விதையிலிருந்து முளைத்த முதிய செடிகளே பல மலைகளில் இன்னும் நிற்கின்றன. விளைச்சல் குன்றுகின்றது, செலவு ஏறுகின்றது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2013 இல் 34 கோடி கிலோவாக உயர்ந்து, பின் படிப்படியாகத் தாழ்ந்தது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டமையால் மேலும் வீழ்ந்து, 2022 இல் 25 கோடி கிலோ அளவிற்கு இறங்கியது.

கூலியைப் பற்றிய பிணக்கும் தொடர்ந்தது. பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின் 2021 இல் நாட்கூலி 1,000 ரூபாவாயிற்று. அதனையொட்டிக் கம்பனிகள் நெடுங்காலமாக நிலவிய கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. 2022 இன் பொருளாதார வீழ்ச்சியில் ரூபாவின் மதிப்புச் சரிந்தமையால் அவ்வுயர்வின் பயன் அடித்துச் செல்லப்பட்டது. 2024 இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நாட்கூலி உயரும்போதெல்லாம், முழுப் பெயருக்குக் கொய்யவேண்டிய கொழுந்தின் நிறையும் பல இடங்களில் உயர்ந்தது. நிறை குறைந்தால் அரைப்பெயரே. செடி முதிர்ந்து கொழுந்து அருகிய மலையில் அந்நிறையை எட்டுதல் எளிதன்று.

1990களின் தொடக்கத்தில் கம்பனித் தோட்டங்களில் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோர் தொழில் புரிந்தனர். இன்று அத்தொகை ஒன்றரை இலட்சத்திற்கும் குறைந்துள்ளது. ஆனால் தோட்டங்களில் வதிவோர் தொகை அதன் பன்மடங்காக உளது. தோட்டத்தில் வாழ்கின்றனர், தோட்டத்தால் வாழவில்லை. இன்றைய மலையகத்தின் சமூகப் பிரச்சினைகள் பலவற்றிற்கு மூலம் இதுவே.

சமூக விளைவுகள்

இளைஞர் கொழும்புக்கும் பிற நகரங்களுக்கும் கடைகளிலும் கட்டட வேலையிலும் உணவகங்களிலும் தொழில் தேடிச் செல்கின்றனர். பெண்களுட் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்கின்றனர். பாட்டன் பாட்டியரிடம் பிள்ளைகள் வளர்கின்றனர். கொழுந்துக் கூடை நடுவயதுப் பெண்களின் தலையிலேயே பெரிதும் எஞ்சியுள்ளது. அப்பெண்களும் வேலையை விட்டுவிட்டால் குடும்பம் காம்பராவை இழக்குமோ என்னும் அச்சத்தினாலேயே மலைக்குச் செல்வோர் உளர். வருவாய்க்காக அன்றிக் கூரைக்காக உழைக்கும் இந்நிலை தோட்ட அமைப்பிற்கே உரிய விளைவாகும்.

கவனிப்பாரற்ற மலைகள் காடாகின்றன. காடாகிய தேயிலையில் குளவிகள் கூடு கட்டுகின்றன. கொழுந்து கொய்வோர் குளவி கொட்டி மருத்துவமனை செல்வதும் மாண்டு போவதும் செய்தித்தாள்களில் அடிக்கடி காணும் செய்தியாகிவிட்டது. பன்றியும் சிறுத்தையும் லயத்தின் ஓரத்திற்கு வருகின்றன. ஐரோப்பாவில் மூடப்பட்ட ஆலை வெறுங் கட்டடமாக நிற்கும். இங்கு நலிந்த தொழிலோ தொழிலாளியைச் சூழ்ந்து வளர்கின்றது.

வறுமையின் அளவைப் புள்ளிவிபரம் காட்டுகின்றது. 2019 ஆம் ஆண்டிற்கான அரசுக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதற்குமான வறுமை விகிதம் 14.3 வீதமாக இருக்க, தோட்டத் துறையில் அது 51.3 வீதமாயிருந்தது.

இருள் மட்டுமே உளதெனல் பொருந்தாது. தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில் பொறுப்பேற்கத் தொடங்கியபின் கல்வி வளர்ந்தது. ஆசிரியரும் அரச உத்தியோகத்தரும் சட்டத்தரணிகளும் மருத்துவரும் லயங்களிலிருந்து தோன்றியுள்ளனர். தொழில் நலிந்த காலத்திலேயே கல்வி பெருகியமை கருதற்பாலது. தோட்டத்தில் எதிர்காலம் இல்லையெனக் கண்ட பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். தம் பிள்ளை கூடை தூக்கலாகாது என்னும் தாய்மாரின் உறுதியே மலையகத்தின் மிகப் பெரிய முதலீடாயிற்று.

இந்தியாவுக்குச் சென்றோரின் வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறியோருட் பலர் நீலகிரியில் குடியேறினர். அவர்களுக்காக 1968 இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அக்கழகமும் நட்டமுற்று, 2022 இல் இரண்டாயிரம் எக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பியளிக்க அரசு முடிவு செய்தபோது, அங்கும் அதே வினா எழுந்தது: தோட்டம் போனால் வீடு என்னாகும்? கடல் கடந்தும் அமைப்பு மாறாமையால் அச்சமும் மாறவில்லை.

நலிந்தது யாது?

இங்கு ஓர் ஐயம் எழலாம். தேயிலைக்கு உலகில் மதிப்புக் குறைந்துவிட்டமையாலேயே இத்துணைத் துன்பமும் நேர்ந்தது என்பர் சிலர். உண்மை அஃதன்று. இலங்கையின் தேயிலையில் மூன்றில் இருபங்கிற்கு மேற்பட்டது இன்று சிறு தோட்ட உரிமையாளரால் விளைவிக்கப்படுகின்றது. காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் நிலமுடையோர் தம் குடும்ப உழைப்பினால் கொழுந்து கொய்து தொழிற்சாலைக்கு விற்கின்றனர். அவர்க்கும் விலை வீழ்ச்சி உண்டு; உரத் தட்டுப்பாடும் உண்டு. ஆனால் செடி அவருடையது. ஆகவே பட்ட செடிக்குப் பதில் புதுச்செடி நடுகின்றனர். இடையே மிளகும் வாழையும் வளர்க்கின்றனர். காணியை ஈடு வைத்துப் பிள்ளையைப் படிப்பிக்கின்றனர்.

ஒரே செடி, ஒரே சந்தை; ஆயினும் விளைவு வேறு. ஆகவே நலிந்து வருவது தேயிலை அன்று, தோட்ட அமைப்பே என்பது தெளிவு. சில கம்பனிகளும் இதனை உணர்ந்து, குடும்பத்திற்கு இத்தனை செடியெனப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை நிறைக்கு விலை கொடுத்து வாங்கும் முறையைப் புகுத்தியுள்ளன. ஆனால் நிலத்தின் உரிமையைக் கொடாது பொறுப்பை மட்டும் கொடுக்கும் முறை, விலை வீழ்ச்சியின் சுமையைத் தொழிலாளியின் தலைக்கு மாற்றுவதாகவும் முடியலாம். உறுதியோடு கூடிய நிலமே சிறு தோட்டக்காரனை உருவாக்கும்.

இத்திசையில் சில அடிகள் வைக்கப்பட்டுள்ளன. குடும்பத்திற்கு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசு 4,000 வீடுகளுக்கு உதவியதோடு, 2017 இல் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தது. பிரதேச சபைகளின் நிதி தோட்டங்களிலும் செலவிடப்படுவதற்கு 2018 இல் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத்துப் பாதை பழுதுற்றால் உள்ளூராட்சி மன்றம் அதனைத் தொடுவதற்குச் சட்டம் இடந்தரவில்லை. எனினும் லயத்தில் வாழும் குடும்பங்களின் தொகையை நோக்க, கட்டி முடிந்த வீடுகள் சிலவே. கையில் உறுதி பெற்றோர் அதனினும் சிலர். ஏழு பேர்ச் வீட்டிற்குப் போதும், வாழ்வுக்குப் போதாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? தொழில்கள் தோன்றி மறைவது இயல்பு. கோப்பி மறைந்தது, லங்காஷயர்ப் பருத்தி மறைந்தது, ரூர் நிலக்கரி மறைந்தது. தேயிலைத் தோட்டமும் இன்றைய வடிவில் என்றும் நிலைத்திராது. மக்கள் அத்தொழிலோடு உடன் அழிவரா, அதனைக் கடந்து வாழ்வரா என்பதைத் தீர்மானிப்பது தொழிலின் விதி அன்று. தொழிலுக்குப் புறத்தே அவர்க்குள்ள உரிமையே. 1880களில் நெல்வரிக்கு வயலை இழந்த கண்டி விவசாயியும், இன்று கூரைக்காகக் கூடை சுமக்கும் தோட்டப் பெண்ணும் எமக்கு உணர்த்துவது இவ்வுண்மையையே.

சோர்ந்த தோட்டங்களில் பல்லாயிரம் ஏக்கர் நிலம் இன்று காடாகக் கிடக்கின்றது. அந்நிலத்தின் அருகிலேயே நிலமற்றோர் லயங்களில் வாழ்கின்றனர். இவ்விரண்டையும் இணைப்பதற்கு வேண்டியது புதிய நிலமன்று, புதிய நீதி. பொருளியலையும் சட்டத்தையும் வேளாண்மையையும் பயிலும் மாணவர்க்கு இதனினும் சிறந்த ஆராய்ச்சிப் பொருள் வேறொன்று கிடைத்தல் அரிது. ரூர்ப் பள்ளத்தாக்கில் ஐம்பது ஆண்டுகள் திட்டமிட்டுத் தொழிலை மூடினர். கொத்மலையிலோ இருநூறாண்டு உழைப்பின் பின்னும் தொழிலாளியின் கையில் ஒரு காணியுறுதியைக் கொடுப்பதற்கான திட்டம் முற்றுப்பெறவில்லை. அதனை முற்றுவிக்கும் கடமை அரசினது மட்டுமன்று. கற்றோர் அனைவரதும் ஆகும்.